என் கையால ஊத்தின எண்ணெய்

எங்க ஊர்ல கொழந்தை பொறந்தா, தலைக்கு ஊத்த என்னைத்தான் கூப்புடுவாங்க. உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவுல இருக்கற சின்ன ஊரு எங்களுது. கன்னியம்மா கை பட்டா கொழந்தை கொழுகொழுன்னு ஆயிடும்னு எனக்கு ஒரு பேரு. எனக்கும் அதுல கர்வந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். எட்டாவது வரைக்கும் படிச்சவ, தெருவுக்கே கடுதாசி எழுதிக் குடுக்கறவ, வாயி வேற நீளம். கேக்கணுமா?

அந்த வாயி அடைச்சிப்போன கதையத்தான் எழுதறேன். என் மூணாவது கொழந்தை செல்வி ஏழு மாசத்துல மூச்சு வுட முடியாம மெட்ராஸ் ஆஸ்பத்திரில கெடந்தா. எம்பதுகளோட ஆரம்பம் அது. அவ பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியாம இருந்த அந்த நாளுங்கள்ல, பொழைக்காம போனா அதுக்குக் காரணம் யாருன்னும் எனக்குத் தெரிஞ்சிபோச்சி. ரெண்டையும் ஒண்ணா வெச்சிக்கினு இருக்கறது இருக்கே, அது எதிராளிக்கும் வரக்கூடாது.

தலைக்கு ஊத்தறதுன்னா சும்மா தண்ணி மொண்டு ஊத்தறது இல்ல. மணைக்கட்டைல உக்காந்து ரெண்டு காலையும் நீட்டி, அதுமேல கொழந்தையப் போட்டு, நல்லெண்ணெய் தேச்சி, கை காலெல்லாம் உருவி வுட்டு, வெந்நீர் ஊத்தணும். அதுக்கு முன்னாடி மூக்குல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சொட்டு எண்ணெய் வுட்டு, வாயி வெச்சி ஊதணும். கொழந்தை வீல்னு கத்தும். கத்தினா நல்லதுன்னு சொல்லுவோம், உள்ள இருக்கற சளியெல்லாம் கரைஞ்சி வந்துடுமாம். அந்த ஊதற வேலைல நான் கெட்டிக்காரி. மத்தவங்க ஊதினா வெளிய வழிஞ்சிடும். நான் ஊதினா ஒரு சொட்டு வெளிய வராது. அத்தப் பாத்து எல்லாரும் மெச்சிக்குவாங்க.

செல்விக்கு நாலாம் மாசத்துல இருமல் ஆரம்பிச்சிது. சொரம் பெருசா இல்ல. பாலு குடிக்கும்போது நடுநடுவுல வுட்டுட்டு மூச்சு வாங்குவா. நான் இன்னா பண்ணுவேன்? சளி கட்டிக்கிச்சின்னு ஒரு வேளை வுட்ட எண்ணெய ரெண்டு வேளையாக்கினேன். என் பெரிய பசங்க ரெண்டு பேருக்கும் இதே கைதான் ஊத்திச்சி. அவனுங்க கல்லு மாதிரி இருக்கானுங்க. அப்புறம் எனக்கு எப்படி சந்தேகம் வரும்?

உத்திரமேரூர் டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சிப் பாத்துட்டு பிரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கும்னாரு. அது கொழந்தைங்களுக்கு வர்ற டி.பி., ஒட்டாது, பயப்படாதேன்னாரு. அப்பல்லாம் எளைச்சிப்போன கொழந்தைன்னா பாதிப் பேருக்கு அதுதான் சொல்லுவாங்க. தெனம் ஒரு ஊசி. தெனம் பஸ்ஸு. அந்தத் தொடைல ஊசி போட எடமே இல்லாம போச்சி, கம்பவுண்டரே மொகத்தத் திருப்பிக்கினு குத்துவாரு. ஊசி போட்டுக்கினு வந்ததும் பாவமா இருக்குமேன்னு வெந்நீர் வெச்சித் தலைக்கு ஊத்துவேன். எண்ணெயும் வுடுவேன்.

ஏழாம் மாசம் ஒரு நாள் காலைல பாத்தா ஒதடு நீலம் பூத்திருக்குது. மூச்சு இழுக்க இழுக்க விலா ரெண்டும் உள்ள போயி போயி வருது. எங்க வூட்டுக்காரர் பம்பு செட்டு ரிப்பேர் பாக்கறவரு, ஏகாம்பரம்னு பேரு. கைல கிரீஸோட ஓடியாந்தாரு. காஞ்சிபுரத்துல காட்டினோம், இங்க ஆவாது, மெட்ராஸுக்குத் தூக்கிக்கினு போங்கன்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸுல வாலாஜாபாத்து தாண்டற வரைக்கும் அவ மூக்குகிட்டயே வெரலை வெச்சிக்கினு வந்தேன். மூச்சு நின்னுட்டா தெரியணும்னு.

அந்தக் கொழந்தைங்க ஆஸ்பத்திரில ஒரு கட்டில்ல ரெண்டு கொழந்தை. ஆம்பளைங்க வார்டுக்குள்ள வரக்கூடாது. எங்க வூட்டுக்காரர் வெளிய மரத்தடில துண்டை விரிச்சிக்கினு உக்காந்துட்டாரு. செல்விக்கு மூக்குல ஆக்ஸிஜன் குழாய், பொறங்கைல ஊசி. எக்ஸ்ரே எடுத்தாங்க. மூணு நாள் ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் காலைல, பாலு குடுக்காத இரும்மான்னு சொல்லிட்டு, மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் வுட்டு தண்ணி எடுத்துக்கினு போனாங்க. கொழந்தைங்களுக்குச் சளியத் துப்பத் தெரியாது, முழுங்கிடும், அதனால நெஞ்சுல இருக்கறது வயித்துல கெடைக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க. டி.பி. கிருமி இருக்குதான்னு பாக்கத்தான் எடுத்தாங்க.

கிருமி இல்ல. நாலாம் நாள் பெரிய டாக்டர் வந்தாரு, சுத்தி பத்து பேரு படிக்கற பசங்க. எக்ஸ்ரேவ ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாரு. கருப்பா இருக்கற எடம் காத்து, வெள்ளையா இருக்கற எடத்துல காத்து போவல. செல்விக்கு வலது பக்கம் மேல பூரா வெள்ளை. அத்தப் பாத்துட்டு என் பக்கம் திரும்பினாரு.

"ஏம்மா, கொழந்தைக்கு மூக்குல எண்ணெய் வுடறதுண்டா?"

எனக்கு ஒரே சந்தோஷம். கொழந்தைய நல்லா வெச்சிருக்கியான்னு கேக்கறாருன்னு நெனைச்சிக்கினேன்.

"உண்டு சார், தெனம் ரெண்டு வேளை. கடை எண்ணெய் கெடையாது சார், செக்குல ஆட்டின நல்லெண்ணெய். ஒரு சொட்டு வெளிய வராம ஊதுவேன்."

பத்துப் பசங்களும் என்னையே பாத்தாங்க. யாரும் சிரிக்கல. பெரிய டாக்டர் பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சாரு. "தண்ணி மூச்சுக்குழாய்ல போனா கொழந்தை இருமும். எண்ணெய் போனா இருமல்கூட வராது, வழுக்கிக்கிட்டு நேரா நுரையீரலுக்குப் போயிடும். உன் கொழந்தை நெஞ்சுல இருக்கறது டி.பி. இல்ல. எண்ணெய். எண்ணெயால வந்த நிமோனியா. இனிமே ஒரு சொட்டு கூடாது"ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

எனக்குக் காது அடைச்சிப்போச்சி. பக்கத்துக் கட்டில்ல ஐயங்கார்குளத்து அம்மா ஒருத்தங்க, பட்டு நெசவு பண்றவங்க வூடு, பேரனோட வந்திருந்தாங்க. "இன்னா சொன்னாரு?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்ல, ஊசி மாத்தறாங்களாம்"னு பொய் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அந்த அதிர்ச்சி போயி கோவம் வந்திச்சி. இன்னாடா இது, என் பசங்க ரெண்டு பேரும் இதே எண்ணெய்ல வளந்தவனுங்கதானே? ஊரே இதுலதானே வளந்திச்சி? படிச்சவங்களுக்கு நம்ம பண்றது எதுவுமே ஆவாதுன்னு மனசுக்குள்ள திட்டினேன். மறுநா காலைல செல்விக்கு மூச்சு கொர்கொர்னு இழுத்திச்சி. எனக்குத் தாங்கல. பைக்குள்ள துணிக்கு அடியில சின்ன பாட்டில் கொண்டாந்திருந்தேன். பொடவையால மறைச்சிக்கினு ரெண்டு சொட்டு வுட்டேன். ஆமா, வுட்டேன். டாக்டர் வேணாம்னு சொன்ன மறுநாளே வுட்டேன். இத்த எழுத எனக்கு வெக்கமா இருக்குது, ஆனா எழுதலன்னா இந்தக் கதையே பொய்.

அந்த வார்டுல சின்ன டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. மேல்படிப்பு படிச்சிக்கினே வேலை பாக்கறவங்க, இருபத்தஞ்சி வயசு இருக்கும். கொழந்தைய குனிஞ்சி பாத்தவங்க அப்படியே நின்னாங்க. நல்லெண்ணெய் வாசனைய மறைக்க முடியுமா? திட்டப் போறாங்கன்னு பாத்தா, என் மணிக்கட்டப் புடிச்சாங்க.

"வாங்கம்மா எங்கூட. நர்ஸ் பாத்துப்பாங்க கொழந்தைய."

மாடில ஒரு ரூமு. மேசை மேல மைக்ராஸ்கோப்பு. என் வெரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்க, கண்ணாடித் துண்டுல வெச்சி சூடு ஆறாம பாத்துக்கினாங்க, அதுல ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் கொஞ்சம் கலந்தாங்க. "நான் இதத்தான் படிக்கறேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க"ன்னாங்க.

மொதல்ல என் இமை மயிருதான் தெரிஞ்சிது. அப்புறம் தெரிஞ்சிது. உருண்டை உருண்டையா சும்மா கெடக்கறதெல்லாம் ரத்தத்தோட சிவப்பு அணு. நடுவுல ஒண்ணு, உருவமே இல்லாம, மெதுவா ஊர்ந்துக்கினு போவுது. அதுக்குக் கண்ணு இல்ல, வாயி இல்ல. ஒரே ஒரு செல்லு, அவ்வளவுதான். அது போயி ஒரு ஈஸ்ட் மேல ஒட்டிச்சி. ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டி சுத்தி வளைச்சி, அப்படியே உள்ள இழுத்துக்கிச்சி. உள்ள போன உருண்டை நல்லாத் தெரியுது.

"ஐயையோ, முழுங்கிடுச்சி!"ன்னு கத்திட்டேன்.

"அதான் அதோட வேலை. இன்னும் பாருங்க."

அது நகர்ந்து இன்னொரு ஈஸ்ட் பக்கம் போச்சி. தொட்டுச்சி. நின்னுச்சி. அப்புறம் வுட்டுட்டு அந்தப் பக்கம் போயிடுச்சி.

"இத்த இன்னாத்துக்கு வுட்டுட்டுது?"

"தொட்டுத்தாம்மா அது முடிவு பண்ணும். வேண்டாத பொருள் மேல நம்ம ரத்தத்துல இருக்கற ஒரு சத்து போயி ஒட்டிக்கும். அது ஒட்டியிருந்தா முழுங்கும். ஒட்டலைன்னா சில சமயம் விட்டுடும். நம்ம சொந்த செல்லத் தொட்டா, இது நம்ம ஆளுன்னு ஒதுங்கிடும். இந்த மாதிரி முழுங்கற செல்லு நுரையீரல்லயும் இருக்கு. மூச்சுல வர்ற தூசி, கிருமி எல்லாத்தையும் முழுங்கி, கரைச்சி, சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கும்."

எனக்கு ஆச்சரியத்துல வாயி மூடல. என் ஒடம்புக்குள்ள இவ்வளவு நடக்குதா, என்னைக் கேக்காமலே?

அப்புறம் அந்த கண்ணாடிய எடுத்துட்டு வேற ஒண்ணு வெச்சாங்க. "இது செல்வியோடது. அன்னிக்கு குழாய் வெச்சி எடுத்தோமே, அது. எண்ணெய் எங்க இருக்குதோ அங்க மட்டும் சிவப்பாத் தெரியற சாயம் போட்டிருக்கேன்."

பாத்தேன். இதுங்களும் அந்த முழுங்கற செல்லுங்கதான், ஆனா ஊரல. ஒவ்வொண்ணும் ஊதிப் பெருத்துக் கெடக்குது. வயிறு பூரா சிவப்புச் சொட்டு. பெரிய சொட்டு, சின்ன சொட்டு, எடமே இல்ல. எங்க பாத்தாலும் அப்படித்தான். தேடிப் பாத்தேன், வெறும் வயித்தோட ஒண்ணாவது இருக்குமான்னு. ஒண்ணுகூட என் கண்ணுக்குப் படல.

"இத்தினியும் எண்ணெயா?"

"எண்ணெய்தான்."

"ஏம்மா, அந்த ஈஸ்ட்ட வுட்டுச்சே, அந்த மாதிரி இத்த வேணாம்னு வுட்டிருக்கலாம் இல்ல?"

"வேண்டாத பொருள்னு தெரியுது, அதனாலதான் முழுங்குது. ஆனா கரைக்கத் தெரியல. வெளிய தள்ளவும் தெரியல. உள்ள வெச்சிக்கிட்டே ஊதி, கடைசில செத்துப் போயிடும். செத்தா அந்த எண்ணெய் வெளிய கொட்டும். அத பக்கத்துல இருக்கற இன்னொண்ணு முழுங்கும். அதுவும் சாகும். கிருமி வந்தா முழுங்க ஆளே இல்லாம போயிடும். இதுக்கு நடுவுல நீங்க இன்னிக்கு இன்னும் ரெண்டு சொட்டு விட்டிருக்கீங்க."

தலைய மேசைல வெச்சிக்கினேன். பெரிய டாக்டர் சொன்னப்போ அது வெறும் பேச்சு. இது என் கண்ணு. என் கொழந்தை ஒடம்புல ஒவ்வொரு செல்லும் நான் ஊத்தினத முழுங்கிக்கினு, நான் திரும்பத் திரும்ப ஊத்த, திரும்பத் திரும்ப முழுங்கிக்கினு கெடந்திருக்குது. நானும் ஒரு சொட்டு வெளிய வரலன்னு பெருமை பட்டுக்கினு இருந்திருக்கேன். பாவி. படுபாவி.

கீழ வந்து அந்த பாட்டில கழிவறைல கொட்டினேன். அப்புறம் வெளிய போயி மரத்தடில எங்க வூட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மறைக்கல. "பம்புல தண்ணி இழுக்கற எடத்துல ஃபுட்வால்வு அடைச்சிக்கினா கழட்டிக் கழுவிடலாம். இவ நெஞ்ச எப்படிடி கழட்டறது?"ன்னாரு. அப்புறம் கத்தினாரு. "ஊருக்கெல்லாம் கை ராசின்னு போயி ஊதினியே, உன் கையாலதான்டி!" வாசல்ல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு நாள் என்னோட பேசல. காலைலயும் சாயங்காலமும் டீய தூக்குல வாங்கி வாட்ச்மேன்கிட்ட குடுத்தனுப்புவாரு, அவ்வளவுதான்.

அந்த ரெண்டு நாள்ல செல்விக்கு ரொம்ப மோசமாச்சி. நல்ல சொரம். காவலுக்கு ஆளில்லாம கெடந்த நெஞ்சுல கிருமி பூந்துடுச்சின்னாங்க. ஊசி மாத்தினாங்க. தலைப்பக்கம் தூக்கிப் படுக்க வெச்சாங்க. நான் கட்டில் பக்கத்துல கைய கட்டிக்கினு நின்னேன். தொடக்கூட பயமா இருந்திச்சி, இந்தக் கையால. ஐயங்கார்குளத்து அம்மா பாத்துக்கினே இருந்தவங்க, "இப்டி உக்காரு"ன்னு புடிச்சி உக்கார வெச்சி, சிக்கு புடிச்சிப்போன என் தலைய ஒரு மணி நேரம் வாரி பின்னி வுட்டாங்க. அவங்ககிட்ட அப்பதான் உண்மைய சொன்னேன். வாரிக்கினு இருந்த கை நின்னுடுச்சி. "நாங்களும் வுடறோமே"ன்னாங்க. அவங்க பேரனுக்கும் நிமோனியாதான். அன்னிக்கே சின்ன டாக்டரம்மாவத் தேடிக்கினு போனாங்க.

அப்பதான் எனக்கு ஒறைச்சிது. நான் எத்தினி கொழந்தைக்கு ஊதியிருக்கேன்? கட்டில் காலுகிட்ட உக்காந்து ஒவ்வொரு வூடா நெனைச்சிப் பாத்தேன். முக்காவாசி நல்லா ஓடியாடிக்கினு இருக்குதுங்க. ஆனா எங்க தெருக்கோடி பச்சையம்மா புள்ள? போன மார்கழில, அஞ்சி மாசக் கொழந்தை, சளி கட்டி செத்துப்போச்சே. தலைச்சன் புள்ள. அவனுக்கும் நான்தான்.

சின்ன டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாக்காம சொல்ல முடியாதும்மா"ன்னாங்க. ஆமான்னு சொல்லியிருந்தாக்கூட அழுது தீத்திருப்பேன். இருக்கலாம்னா இன்னா பண்றது?

எட்டாம் நாள் சொரம் எறங்கிச்சி. பத்தாம் நாள் ஆக்ஸிஜன் குழாய எடுத்தாங்க. ஒரு நாள் பாலு குடிக்கும்போது நடுவுல நிறுத்தாம முழுசா குடிச்சிட்டு என்னப் பாத்துச் சிரிச்சா. நான் ஓடிப் போயி மரத்தடில நின்னு, "யோவ், நிறுத்தாம குடிச்சிட்டாய்யா!"ன்னு கத்தினேன். மனுசன் துண்டால மொகத்த மூடிக்கினாரு. இருபத்திமூணு நாள் கழிச்சி வூட்டுக்கு அனுப்பினாங்க. நெஞ்சுல இருக்கற எண்ணெய் சீக்கிரம் போவாது, மாசக்கணக்கா ஆவும், அந்த செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கினு போவணும், புதுசா ஒண்ணும் சேராம இருந்தா போதும்னாங்க. அடுத்த வருசம் எக்ஸ்ரே எடுத்தப்போ வெள்ளை பாதிக்கு மேல கொறைஞ்சிருந்திச்சி. இப்ப செல்வி ஸ்கூலுக்குப் போறா. வேகமா ஓடினா மட்டும் கொஞ்சம் எளைக்கும்.

ஊருக்கு வந்த மறுநா, அடி பம்புகிட்ட பொம்பளைங்க எல்லாரும் சூழ்ந்துக்கினாங்க. கொழந்தைக்கு இன்னா, எப்டி பொழைச்சிதுன்னு. நான் கொடத்த கீழ வெச்சிட்டு சொன்னேன். கொழந்தைங்க மூக்குல எண்ணெய் வுடாதீங்க. நான் இனிமே வுட மாட்டேன். கண்ணால பாத்தேன்னு, அந்த சிவப்புச் சொட்டு வரைக்கும் சொன்னேன்.

"பேஜாரா கீதே உன்னோட. நம்ம ஆத்தாங்கல்லாம் வுடலியா? நீ சாவலியே?"ன்னு ஒருத்தி.

"மெட்ராஸுக்குப் போயி மாறிட்டாடி இவ"ன்னு இன்னொருத்தி.

சண்டை போட எனக்குத் தெம்பில்ல. இதே பேச்ச நானும்தானே பேசினேன்? அப்போ பின்னால நின்னுக்கினு இருந்த பச்சையம்மா முன்னால வந்தா. சின்னப் பொண்ணு, இருபது வயசு. இடுப்புல காலிக் கொடம்.

"எக்கா, எம் புள்ளைக்கும் அதானாக்கா?"

இல்லடி, அவனுக்கு வேறன்னு சொல்லிடலாம். சொல்லிட்டா யாருக்குத் தெரியப் போவுது? நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சி.

"இருக்கலாம்டி. சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா இருக்கலாம். நான்தான் ஊதினேன். என்ன வெட்டிப் போட்டாலும் தகும், பச்சையம்மா."

அவ என்னத் திட்டுவான்னு நின்னேன். மண்ண வாரித் தூத்துவான்னு நின்னேன். கொடத்த இடுப்புல இருந்து எறக்கி வெச்சா. ரெண்டு கையயும் விரிச்சி, உள்ளங்கையப் பாத்தா.

"நீ ஊதும்போது அவன் ஒதைச்சான்க்கா. ஒதைக்காத இருக்கணும்னு நான்தான் காலைப் புடிச்சிக்கினு இருந்தேன்."